திறவாத மென்பொருளும் தெமோதரை வளைவும்

பதுளை மாவட்டத்து மலைகளுக்கிடையே தெமோதரை என்னும் சிற்றூர் உள்ளது. தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த அவ்வூரின் பெயரை உலகறியச் செய்தது அங்குள்ள புகையிரதப் பாதையேயாகும். எல்ல என்னும் ஊரிலிருந்து வரும் பாதை தெமோதரை நிலையத்தை அடைகிறது. அங்கிருந்து குன்றைச் சுற்றி வளைந்து கீழிறங்குகிறது. பின்னர், அதே நிலையத்தின் அடியில் குடையப்பட்டுள்ள சுரங்கத்தினுள் நுழைந்து, மறுபுறம் வெளிப்பட்டுப் பதுளையை நோக்கிச் செல்கிறது. தன்னைத் தானே கீழாகக் கடந்து செல்லும் இவ்விருப்புப் பாதையைக் காண்பதற்கென்றே தொலைவிடங்களிலிருந்து மக்கள் வந்துள்ளனர்.

இவ்வாறு சுற்றிச் செல்லவேண்டிய தேவை யாது? மலைநாட்டுப் பாதை 44 அடித் தூரத்துக்கு 1 அடிக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாதென்பது அதனை அமைத்தோர் மேற்கொண்ட விதி. தெமோதரையிலோ நிலம் அதனினும் விரைவாகத் தாழ்ந்து செல்கிறது. நேரே இறங்கினால் விதி மீறப்படும். வண்டி கட்டுக்கடங்காது போகும். ஆதலின், சரிவைக் கூட்டாமல் தூரத்தைக் கூட்டினர். வளையப் பகுதியின் நீளம் ஏறத்தாழ 900 மீற்றர் என்பர். 44க்கு 1 என்னும் கணக்கில் அவ்வளவு தூரத்துக்குள் ஏறக்குறைய 20 மீற்றர் ஆழம் இறங்கிவிடலாம். இதனை வகுத்தவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர என்று கூறப்படுகிறது. தோட்டத்துக் கங்காணி ஒருவர் தம் தலைப்பாகையைச் சுற்றிக் கட்டுவதைக் கண்டபோதே இவ்வெண்ணம் உதித்தது என்னும் கதையும் மக்களிடையே வழங்குகிறது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம் 1921ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. 1924ஆம் ஆண்டில் பாதை பதுளையைச் சென்றடைந்தது.

இத்தகைய பாதையின் அருகே பிறந்து வளர்ந்தவர்கட்குப் புகையிரதத்தின்மீது பற்று ஏற்படுதல் இயல்பு. முற்காலத்தில் அப்பற்று, பெட்டிகளை எண்ணுவதிலும், தீப்பெட்டிகளைக் கோத்து வண்டியாக்கி விளையாடுவதிலும் நிறைவுற்றது. கணினி வீடுகளுக்குள் புகுந்த பின்னர் அதற்கு வேறொரு வாயில் திறந்தது. 2001ஆம் ஆண்டில் மைக்ரோசொப்ட் நிறுவனம் ‘டிரெயின் சிமுலேட்டர்’ என்னும் மென்பொருளை வெளியிட்டது. கணினித் திரையில் புகையிரதத்தைச் செலுத்திப் பழக உதவும் பொழுதுபோக்கு மென்பொருள் அது. அதனை ஆக்கியோர் இங்கிலாந்து நாட்டின் குஜு என்டர்டெயின்மன்ட் நிறுவனத்தார். உலகின் 6 பாதைகள் அதில் இடம்பெற்றிருந்தன. அவற்றுள் ஒன்று ஜப்பானின் தென்பகுதியிலுள்ள ஹிசாட்சுப் பாதை. அங்கே ஒகோபா என்னும் மலை நிலையத்தருகே, தெமோதரையிற் போலவே, பாதை வளையமிட்டு உயரம் ஏறுகிறது. மலைக்கு அஞ்சாத மனித அறிவு இரு நாடுகளிலும் ஒரே விடையைக் கண்டிருப்பது வியப்புக்குரியது.

அம்மென்பொருளின் சிறப்பு, வண்டி செலுத்துவதோடு முடியவில்லை. புதிய பாதைகளைப் பயனரே அமைப்பதற்குரிய கருவியும் அதனுள் வைக்கப்பட்டிருந்தது. ஆகவே, உலகெங்கும் ஆர்வலர் பலர் தத்தம் ஊர்ப் பாதைகளைத் தாமே கட்டலாயினர். தெமோதரையை அண்டிய தோட்டமொன்றில் வாழும் ஓர் ஆர்வலர், அந்நாளில் வாங்கிய கணினியில், இரவுப் பொழுதுகளிலெல்லாம் அமர்ந்து தம் ஊர்ப் பாதையைக் கட்டினார் என்று வைத்துக்கொள்ளலாம். நிலையம், சுரங்க வாயில், பாதையோரத் தேயிலைச் சரிவு, லயத்து வரிசை, கோயில் வேல் ஆகிய யாவும் அதில் இடம்பெற்றன. பல ஆண்டு உழைப்பு அது. பழைய கணினி தளர்ந்தது. உறவினர் ஒருவர் புதிய கணினியை வாங்கி அனுப்பினார். ஆர்வலர் தம் இறுவட்டிலிருந்து மென்பொருளை அதில் ஏற்றினார். படத்தின்மீது இரு முறை சொடுக்கினார். திரை ஒரு கணம் இருண்டது. பின்னர் பழையபடியே நின்றது. மென்பொருள் திறக்கவில்லை.

இந்நிலையில் பெரும்பாலோர் மூன்று முடிவுகளுள் ஒன்றுக்கு வருவர். இறுவட்டுப் பழுதுற்றது என்பர் சிலர். புதிய கணினி தரமற்றது என்பர் வேறு சிலர். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்பாரும் உளர். இம்மூன்றும் மெய்யாக இருக்கக்கூடும். எனினும் பெரும்பாலும் மெய்யல்ல. இறுவட்டும் நன்றாக இருக்கும். கணினியும் நன்றாக இருக்கும். குறை இருப்பது இரண்டும் சந்திக்கும் இடத்திலேயாகும். மென்பொருள் தனித்து இயங்குவதன்று. கோப்பைத் திறக்கவும், படம் வரையவும், ஒலி எழுப்பவும் அது கணினியின் இயக்க முறைமையை நாடுகிறது. இன்ன உதவி இன்ன இடத்தில் கிடைக்கும் என்று நம்பியே அது எழுதப்பட்டிருக்கிறது. 2001இல் எழுதப்பட்டது 2001இன் உதவிகளையே எதிர்பார்க்கும். அவ்வுதவிகளுள் ஒன்று இடம் மாறினும் அல்லது நீக்கப்படினும் மென்பொருள் பாதியில் நின்றுவிடும். பிழை இன்னதென்று கூறுதற்குக்கூட அதற்கு வழியில்லாது போகலாம்.

இச்சிக்கல் இப்போது பலரைச் சூழ்வதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் எக்ஸ்பி முறைமைக்கான ஆதரவு 2014 ஏப்ரலில் முடிவுற்றது. விண்டோஸ் 7க்கானது 2020 ஜனவரியில் முடிவுற்றது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் நிறைவெய்தியது. ஆதலால் பழைய கணினிகளைக் கைவிட்டுப் புதியவற்றுக்கு மாறுவோர் தொகை பெருகிற்று. கணினி மாறினும் மனிதரின் பொழுதுபோக்கு மாறுவதில்லை.

இனி, மென்பொருள் திறவாமைக்கான காரணங்களை முறையே நோக்கலாம்.

முதலாவது காரணம் பிட் அளவு. 1990களின் முற்பகுதியில் எழுந்த விண்டோஸ் மென்பொருள்கள் பல 16 பிட் வகையின. பின்னர் 32 பிட் வகை வந்தது. இன்றைய கணினிகள் 64 பிட் முறைமையைக் கொண்டவை. இவை 32 பிட் மென்பொருளை ஏற்கும். 16 பிட் மென்பொருளை ஏற்கமாட்டா. 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11, 64 பிட் வடிவில் மட்டுமே உள்ளது. இதில் ஒரு நுட்பமும் உண்டு. மென்பொருள் 32 பிட் வகையாயினும், அதனைக் கணினியில் ஏற்றும் நிறுவல் நிரல் மட்டும் 16 பிட்டாக இருத்தல் கூடும். அப்போது உள்ளே இருப்பது இயங்கத்தக்கதாயினும் வாயிற்காவலன் வழிவிடுவதில்லை.

இரண்டாவது காரணம் இடம். பழைய மென்பொருள்கள் தாம் அமைந்துள்ள கோப்புறைக்குள்ளேயே தம் குறிப்புகளையும் பயனரின் வேலைகளையும் எழுதி வைக்கும். 2007இல் பொதுமக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா முதல், ‘புரோகிராம் பைல்ஸ்’ என்னும் பொதுக் கோப்புறையில் அனுமதியின்றி எழுதுதல் தடுக்கப்பட்டது. இது பாதுகாப்புக்காக ஏற்பட்ட நல்ல ஏற்பாடே. ஆயினும் பழைய மென்பொருள் அதனை அறியாது. எழுத முயன்று தோற்று நின்றுவிடும். சில வேளைகளில் முறைமை அதன் எழுத்தை ‘வெர்ச்சுவல் ஸ்டோர்’ என்னும் மறைவான கோப்புறைக்குத் திருப்பிவிடும். தம் வேலைகள் மறைந்து போயின என்று வருந்துவோர் முதலில் தேடவேண்டிய இடம் அதுவே.

மூன்றாவது காரணம் தமிழரை நேரே தொடுவது. கணினியில் பயனர் பெயரைத் தமிழில் எழுதுவது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் அப்பெயரிலேயே கோப்புறையும் அமைந்துவிடின், பழைய மென்பொருள் அவ்வழியைப் படிக்க இயலாது தடுமாறும். யூனிகோடுக்கு முற்பட்ட விண்டோஸ் எழுத்து அட்டவணைகளுள் தமிழுக்கென ஒன்று அமையவில்லை. விண்டோஸ் 2000 முதல் யூனிகோட் வழியாகவே தமிழ் அம்முறைமைக்குள் வந்தது. ஆதலால் யூனிகோடு அறியாத மென்பொருளுக்குத் தமிழ்ப் பெயர் கொண்ட கோப்புறை, இல்லாத ஊராகவே தோன்றும்.

நான்காவது காரணம் துணைப் பகுதிகள். படம், ஒலி, விளையாட்டு ஆகியவற்றுக்கென ‘டைரக்ட் எக்ஸ்’ என்னும் தொகுதி விண்டோஸில் உண்டு. அதன் பழைய உறுப்பான ‘டைரக்ட் பிளே’ புதிய முறைமைகளில் இயல்பாக நிறுவப்படுவதில்லை. வேண்டுவோர் சேர்த்துக்கொள்ளல் வேண்டும். ‘டொட் நெட்’ தொகுதியின் 3.5ஆம் பதிப்பும் விண்டோஸ் 10இல் அத்தகையதே. கேட்ட பொருள் களஞ்சியத்தில் இருந்தும், திறப்பு இல்லாமையால் கிடைக்காதது போன்ற நிலை இது.

ஐந்தாவது காரணம் காவல். இறுவட்டுகளைத் திருட்டுத்தனமாகப் படியெடுப்பதைத் தடுக்கும் பொருட்டுச் சில நிறுவனங்கள் ‘சேப்டிஸ்க்’ என்னும் பூட்டைக் கையாண்டன. அப்பூட்டுக்குரிய நிரல் பாதுகாப்புக் குறைபாடுடையது என்று காணப்பட்டமையால், 2015இல் வந்த விண்டோஸ் 10 அதனை ஏற்கவில்லை. விளைவு யாது? உரிய விலை கொடுத்து வாங்கியவரது இறுவட்டும் வாயிலில் மறிக்கப்பட்டது. அதனோடு, புதிய மடிக்கணினிகள் பலவற்றில் இறுவட்டுச் செலுத்தும் இடமே இல்லை என்பதையும் மறத்தலாகாது.

காரணங்கள் இவையாயின், பரிகாரம் யாது? பழுது பார்ப்பதிலும் ஓர் ஒழுங்கு வேண்டும். மலைநாட்டின் ஒற்றைப் பாதையில், இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட பகுதியில் ஒரே வேளையில் ஒரு வண்டிக்கு மட்டுமே இடமுண்டு. அதற்குரிய அடையாளத் தட்டைப் பெறாமல் சாரதி வண்டியைச் செலுத்தலாகாது என்பது நெடுங்கால வழக்கம். கணினியைத் திருத்துவோரும் அவ்வழக்கையே கைக்கொள்ளல் நன்று. ஒரு வேளையில் ஒரு மாற்றம் மட்டும் செய்தல் வேண்டும். பயன் யாதென்று பார்த்து, ஒரு தாளிற் குறித்து வைத்த பின்னரே அடுத்த மாற்றத்துக்குச் செல்லல் வேண்டும். ஐந்து மாற்றங்களை ஒருங்கே செய்தவர், மென்பொருள் திறந்தாலும் எதனால் திறந்தது என்று அறியார்; திறவாவிடினும் எதனால் கெட்டது என்று அறியார்.

எல்லாவற்றுக்கும் முதலாக, தாம் ஆக்கிய வேலைகளைப் படியெடுத்தல் இன்றியமையாதது. பழைய கணினி இன்னும் உயிரோடிருப்பின், மென்பொருளின் முழுக் கோப்புறையையும் வெளிச் சேமிப்பகம் ஒன்றில் எழுதி வைத்தல் வேண்டும். பழைய கணினியை விற்பதோ, அதன் வட்டைத் துடைப்பதோ அதன் பின்னரே. திருத்தப் புகுந்து உள்ளதையும் இழந்தோர் பலர்.

அடுத்து, திரையில் தோன்றும் செய்தியைச் சொற்பிசகாது எழுதிக்கொள்ளல் வேண்டும். ‘ஏதோ ஆங்கிலத்தில் வந்தது’ என்று கூறின், உதவ வருபவருக்கு அதனால் பயனில்லை. செய்தி எதுவும் தோன்றாவிடின், விண்டோஸில் ‘ஈவென்ட் வியூவர்’ என்னும் நிகழ்வுப் பதிவேடு உண்டு. மென்பொருள் எப்போது நின்றது, எந்தக் கோப்பினிடத்தில் நின்றது என்பன அதிற் பதிந்திருக்கக்கூடும்.

பின்னர் எளியவற்றிலிருந்து தொடங்குதல் நன்று. மென்பொருளை நீக்கி, வட்டின் முதல் நிலையிலேயே ஆங்கில எழுத்துகளில் சிறு பெயர் கொண்ட கோப்புறை ஒன்றை அமைத்து, அதற்குள் மீண்டும் நிறுவிப் பார்க்கலாம். மேற்கூறிய இரண்டாவது, மூன்றாவது தடைகள் இதனால் நீங்கும். அதனாலும் ஆகாவிடின், மென்பொருளின் படத்தின்மீது வலப்பக்கம் சொடுக்கி, அதன் பண்புகளைத் திறந்து, ‘கம்பாட்டிபிலிட்டி’ என்னும் பகுதியில் விண்டோஸ் எக்ஸ்பி முறையைத் தேர்ந்து இயக்கலாம். ‘இது பழைய வீடே’ என்று மென்பொருளுக்கு நம்பிக்கையூட்டும் ஏற்பாடு அது. நிறங்களின் அளவைக் குறைக்கும் தெரிவும் அங்கேயே உண்டு. அதன்பின், விண்டோஸ் அம்சங்களின் பட்டியலைத் திறந்து, டைரக்ட் பிளே முதலிய விடுபட்ட உறுப்புகளைச் சேர்க்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘இன்ன கோப்பைக் காணவில்லை’ என்னும் செய்தி கண்டவுடன், அக்கோப்பை முன்பின் அறியாத இடங்களிலிருந்து இறக்கிப் பொருத்துவோர் உளர். வைரஸ் தடுப்பு மென்பொருளை நிறுத்திவிட்டு நிறுவுமாறு கூறுவாரும் உளர். ஒரு பொழுதுபோக்கின் பொருட்டு, வங்கிக் கணக்கும் குடும்பப் படங்களும் அடங்கிய கணினியைக் கள்வர்க்குத் திறந்துவிடுதல் அறிவுடைமையன்று. விடுபட்ட உறுப்புகளை முறைமையை ஆக்கிய நிறுவனத்திடமிருந்தே பெறுதல் வேண்டும்.

இவ்வளவு செய்தும் பயனில்லை எனின் என் செய்வது? தெமோதரையின் பாடம் இங்கேதான் பயன்படுகிறது. நேரே இறங்க இயலாத இடத்தில் பொறியியலாளர் மலையோடு மல்லுக்கு நிற்கவில்லை. வண்டியையும் குறை கூறவில்லை. சுற்றுவழி கண்டார். கணினியிலும் அத்தகைய சுற்றுவழிகள் உள்ளன. புதிய கணினிக்குள்ளேயே பழைய கணினி ஒன்றைப் பாவனையாக இயக்குதல் ஒரு வழி. உரிய உரிமத்துடன் பழைய விண்டோஸை அதற்குள் நிறுவி, மென்பொருளை அங்கே திறக்கலாம். முப்பரிமாணப் படங்கள் மிகுந்தவற்றுக்கு இவ்வழி சற்று மந்தமாகலாம். விண்டோஸுக்கு முற்பட்ட டொஸ் காலத்து விளையாட்டுகளுக்கு ‘டொஸ்பொக்ஸ்’ என்னும் இலவச மென்பொருள் இப்பணியைச் செவ்வனே செய்கிறது.

மற்றொரு வழி இன்னும் சிறந்தது. டிரெயின் சிமுலேட்டரின் அடுத்த பதிப்புக்கான பணி 2009இல் நிறுத்தப்பட்டது. ஆர்வலர்கள் சோர்ந்துவிடவில்லை. பல நாடுகளிலிருந்து ஒன்றுகூடி, ‘ஓப்பன் ரெயில்ஸ்’ என்னும் மென்பொருளைத் தாமே எழுதினர். அதன் மூல நிரல் எவரும் கண்டு திருத்தத்தக்கதாகத் திறந்து வைக்கப்பட்டுள்ளது, விலையும் இல்லை. பழைய மென்பொருளுக்கென ஆக்கப்பட்ட பாதைகளையும் வண்டிகளையும் அது படிக்கிறது. புதிய விண்டோஸிலும் இயங்குகிறது. பழைய மென்பொருள் திறக்கவேண்டும் என்ற தேவையுமில்லை. பாதையும் வண்டிகளும் துணைக்கோப்புகளும் அடங்கிய கோப்புறைகள் இருந்தாற் போதும். மேலே கூறிய ஆர்வலர் தம் கோப்புறையைப் படியெடுத்து வைத்திருப்பாராயின், அவர் கட்டிய நிலையமும் சுரங்கமும் லயத்து வரிசையும் மீண்டும் திரையில் எழும். படியெடுக்காது பழைய வட்டைத் துடைத்திருப்பாராயின், எந்தச் சுற்றுவழியும் அவருக்கு உதவாது.

ஆகவே, இவ்விடயத்தில் உள்ளத்தில் இருத்தவேண்டிய வேறுபாடு ஒன்றே. மென்பொருள் வேறு, அதனைக் கொண்டு ஆக்கிய வேலை வேறு. மென்பொருள் ஒரு கருவி. அதன் ஆயுள் அதனை ஆக்கிய நிறுவனத்தின் விருப்பத்தையும் காலப் போக்கையும் சார்ந்தது. வேலையோ மனிதருடையது. மண்வெட்டி தேய்ந்தால் வேறு மண்வெட்டி வாங்கலாம். வெட்டிய வாய்க்காலை இழக்க வேண்டியதில்லை.

இவ்வேறுபாட்டை அறியாமையால் நேர்ந்த இழப்பு, புகையிரத ஆர்வலர்க்கு மட்டும் உரியதன்று. தமிழில் தட்டெழுதுவதற்கு இலங்கையில் ‘பாமினி’ என்னும் எழுத்துரு பல்லாண்டு பயன்பட்டது. அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்துக் காட்டும் முறை. அவ்வெழுத்துரு இல்லாத புதிய கணினியில் அக்கோப்பைத் திறந்தால், தமிழ் மறைந்து பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தோன்றும். கோயில் கணக்கோ சங்கக் குறிப்போ ஒருவர் எழுதிய கவிதையோ அழிந்துவிட்டது என்று கருதி விட்டுவிடுவோர் உண்டு. உண்மையில் எழுத்து அழியவில்லை. எழுத்துருவை நிறுவினால் மீண்டும் தோன்றும். மாற்றியைக் கொண்டு யூனிகோடாக்கினால் எக்கணினியிலும் நிலைத்திருக்கும். எழுதியவர் உயிரோடிருக்கும்போதே இதனைச் செய்துவிடுதல் எளிது. அவருக்குப் பின் அக்கோப்பு என்னவென்று அறிவார் இல்லாது போகலாம்.

பொழுதுபோக்குத்தானே, அதற்கு இத்துணைக் கவலை எதற்கு என வினவுவோர்க்கு ஹிசாட்சுப் பாதையே விடையளிக்கும். 2020ஆம் ஆண்டு ஜூலையில் ஜப்பானின் குமமோட்டோப் பகுதியில் பெருவெள்ளம் புகுந்தது. அப்பாதை பல இடங்களில் சிதைந்து, ஒகோபா வளையம் உள்ளிட்ட பகுதியில் வண்டிப் போக்குவரத்து நின்றது. வண்டி நின்ற அவ்வளையத்தில், 2001இன் மென்பொருளைப் பேணி வைத்தோரின் திரைகளில் மட்டும் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. மழையும் மண்சரிவும் ஊவா மலைகளுக்கும் புதியனவல்ல. ஒரு பாதையை அன்போடு உற்று நோக்கி, அதன் வளைவையும் சரிவையும் கரையிலுள்ள குடியிருப்பையும் கோப்பாக்கி வைத்தவர், தாம் அறியாமலே தம் ஊருக்கு ஒரு சாசனம் எழுதியவராவார்.

அச்சாசனம் ஒரு நிறுவனத்தின் பூட்டுக்குள் அடைபட்டு அழிந்துவிடாமற் காப்பது அதனை எழுதியவரின் கையிலேயே உள்ளது. ஆண்டுக்கு ஒரு முறையேனும் பழைய கோப்புகளைத் திறந்து பார்த்தல், இரண்டு இடங்களில் படி வைத்தல், பலரும் படிக்கத்தக்க வடிவிலும் ஒரு படியைச் சேமித்தல், அது என்ன என்பதை ஒரு தாளில் தமிழில் எழுதி உடன் வைத்தல் ஆகிய இந்நான்கும் எவர்க்கும் இயல்வன. கணினிகள் இனியும் மாறும். மாறுந்தோறும் ஏதேனும் ஒன்று திறவாது நிற்கும். அப்போது, படியெடுத்து வைத்தவர் பொறுமையோடு சுற்றுவழி தேடலாம்.